குளோரின் சாரின் வெள்ளை வளையம்

காரைக்குடியிலேயே மூக்கை நம்பிப் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் குளோரின் சார்தான். ஓட்டலில் காப்பியை வாங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பார். நகராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியவன் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான், கை தாராளமாக விழுந்திருக்கிறது என்பார்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். அவருடைய நீலச் சட்டைகள் எல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் பார்த்துவிட்டால் ஆளுக்குச் சாமி வந்துவிடும். "இதுக ரெண்டையும் சேத்து வைக்காதீக. சேந்தா பிள்ளை பெத்துரும், பிள்ளைக்குப் பேரு குளோரின்" என்று காவலாளி முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரையும் எச்சரிப்பார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்பது ஆய்வகத்துப் பியூரெட்டுகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அவர் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்து முடியிறக்கும் ஆசாரி வீட்டுப் பிள்ளை. நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்கார வீடு. அவர் வந்து என் அப்பாவிடம் பேச வேண்டும். அத்தனை கூர்மையான மூக்குக்குக் கீழே இருந்த வாய் மட்டும் திறப்பதாக இல்லை.

வருடாவருடம் புது மாணவர்களுக்கு ஒரு சோதனை காட்டுவோம். நீளமான கண்ணாடிக் குழாய். அவர் முனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு, என் முனையில் அம்மோனியாவில் நனைத்த பஞ்சு. இரண்டு ஆவியும் கண்ணுக்குத் தெரியாது. சந்திக்கிற இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம் விழும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தூவுகிற அதே நவச்சாரம்தான். வளையம் எப்போதும் அவர் முனைக்குப் பக்கத்தில்தான் விழும். அம்மோனியாதான் பாதிக்கு மேல் நடந்து வருகிறது என்று தன் தப்பைப்போல் வருத்தப்படுவார்.

ஒரு ஞாயிறு தேவகோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே வேண்டுமென்றே அவரிடம் சொல்லியிருந்தேன். "நல்லது மேடம்" என்றார். அவ்வளவுதான் மனிதர்.

வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமென்று அம்மா பின்கட்டில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, போதாதென்று அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். நான் மாடியில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கேசரியில் கை வைத்த நேரம், குளோரின் சார் தெருவிலிருந்து உள்ளே பாய்ந்தார். இது கனமான வாயு, கீழேயே தங்கும் என்று பாடம் நடத்திக்கொண்டே எல்லோரையும் மொட்டைமாடிக்கு விரட்டினார். பாதிப் பூவோடு நின்ற என் முன்னால் மொத்தக் கூட்டமும் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க யாரு?" என்றார்.

"பொண்ணு கூட வேலை பாக்குறேன்."

"கூட வேலை பாக்குறவுகளுக்கு ஞாயித்துக்கிழமை இந்தத் தெருவுல என்ன சோலி?"

அவர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முகர்ந்து பார்த்தார். பிற்பகலிலிருந்தே சைக்கிளில் அங்குட்டும் இங்குட்டும் போய்வந்து கொண்டிருந்தார் என்று எங்கள் தெருப் பால்காரர்தான் சொன்னார். சம்பந்தம் அதோடு முறிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இருமலில் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை சோதனை காட்டியபோது, வளையம் ஏன் நடுவில் விழவில்லை என்று ஒரு மாணவன் கேட்டான். "எங்க ஆளு கனம்ப்பா. மெதுவாத்தேன் வருவான். ஆனா கெளம்பிட்டான்" என்றார் சார். சொன்னது மாணவனிடம், பார்த்தது என்னை. என் கையிலிருந்த அம்மோனியாப் பஞ்சு கீழே விழுந்துவிட்டது.

அந்த வருடமே தெற்கே கடலோரத்தில் ஒரு ரசாயன ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. காலூன்றியதும் வீட்டுக்கு வந்து பேசுவதாகப் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு எங்கள் தெருமுனை வரை வந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாராம். அதுவும் பால்காரர் சொன்னதுதான். பிறகு தகவலே இல்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டேன். எங்கள் பின்கட்டு அலமாரியில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். என்றாவது அந்த மூக்கு இந்தத் தெருப்பக்கம் வந்தால், என்னைத் திட்டுவதற்காவது உள்ளே வரட்டும்.