மேடையில் யாரும் இல்லை

தீவிரவாதி ஒருவன் தலைவரைச் சுட்டுக் கொன்றபோது மேடை நிரம்பி வழிந்தது. தலைவரின் போட்டோவில் தங்கள் முகமும் விழவேண்டுமென்று பிரமுகர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறைதான். போட்டோவுக்கு வந்தவன் போலவே அவனும் ஏறினான், சுட்டான். அவர்கள் காலடியில் குந்தியிருந்த மைக் செட்காரர் அதைக் கண்ணால் பார்த்தார். கூட்டத்துக்குக் கூட்டம் அவரை, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்ட ஒரே மனிதர் தலைவர்தான். மைக் செட்காரர் வாய்விட்டு அழுதார்.

விசாரணை முறைப்படி தொடங்கியது. சாட்சி சொன்னால் தீவிரவாதியின் கூட்டாளிகள் வீடு தேடி வருவார்கள் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. செயலாளர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாராம். பொருளாளருக்குப் போன் வந்ததாம். துணைத்தலைவர், தலைவர் பேச்சில் மெய்மறந்து கண்ணை மூடியவர், மூடிய கண்ணோடு எப்போது மேடையை விட்டு இறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லையாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "சம்பவ நேரத்தில் மேடையில் எவரும் இல்லை" என்று இன்ஸ்பெக்டர் முடிவுக்கு வந்தார்.

"நான் இருந்தேன் சார். பார்த்தேன்" என்றார் மைக் செட்காரர்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேடையில தலைவரைத் தவிர யாரும் இல்லை. நீங்க மட்டும் இருந்தேங்கறீங்க. அப்ப சுட்டது யாரு?"

"ஐயோ சார், துப்பாக்கியோட அவனைப் பிடிச்சதே நீங்கதானே!"

"அவரு ஓடுறப்பப் பிடிச்சோம். ஓடுறது குற்றமாய்யா?"

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தனை பெரிய மனுஷங்களுக்கும் தெரியலையாம். உங்களுக்கு மட்டும் எதுக்குங்க இந்த வேண்டாத கண்ணு? நீங்கதான் சுட்டீங்கன்னு உள்ளே தள்ளிட்டா நான் எங்கே போவேன்?"

நீதிமன்றத்தில் தீவிரவாதி கூண்டுக்குள்ளிருந்து கத்தினான். "நான்தான் சுட்டேன்! கொள்கைக்காகச் சுட்டேன்!"

"தற்பெருமை சாட்சியம் ஆகாது" என்றார் நீதிபதி. தன் கட்சிக்காரர் கொஞ்சம் விளம்பரப் பிரியர் என்று அவனுடைய வக்கீல் மன்னிப்புக் கேட்டார்.

மைக் செட்காரர் சாட்சிக் கூண்டேறினார். கடைசி வரிசையில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தலைவரின் குரல் அவர் காதில் கேட்டது.

"மைக் கரகரன்னுச்சுங்க. குனிஞ்சு ஒயரைப் பார்த்துட்டு இருந்தேன்."

நீதிமன்றமே நிம்மதியாக மூச்சு விட்டது. சந்தேகத்தின் பலனை வாங்கிக்கொண்டு தீவிரவாதி அழுதபடி வீட்டுக்குப் போனான்.

முதலாண்டு நினைவேந்தல் கூட்டத்தில் மேடை மறுபடி நிரம்பியது. தலைவர் தன் மடியில்தான் உயிரை விட்டார் என்று செயலாளர் விம்மினார். பொருளாளரும் தன் மடியில்தான் என்றார்.

மைக் செட்காரர் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால், அவன்.

"அண்ணே, ஆளாளுக்கு மடியைக் காட்டுறாங்க. நான் சுட்டதை ஒருத்தரும் சொல்லலையே. நீங்க பார்த்தீங்கல்ல?"

"நான் குனிஞ்சிருந்தேன்பா."

"சரிண்ணே. இந்தத் தடவையாவது கொஞ்சம் நிமிர்ந்து இருங்க."

துணைத்தலைவர் பேச எழுந்தார். போட்டோவுக்காக எல்லோரும் நெருக்கியடித்தார்கள். அவன் சட்டைக்குள் கையை விட்டபடி மேடைப் படியில் கால் வைத்தான்.

மைக் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மைக் செட்காரர் குனிந்து ஒயரைப் பார்க்க ஆரம்பித்தார்.