அத்தைக்கு ஒரு கட்டில்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெளியே போகச் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், அதுவும் கலர் பிரிண்ட் எடுத்து.

மயிலாப்பூர் ஃபிளாட்டைப் புதுப்பிக்க முடிவானது. அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவர் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். ஹாலில் பாய் விரித்துப் படுப்பார். சின்ன அறையில் அவருக்கென்று ஒரு கட்டில் போடுவதுதான் ரிப்பேரின் நோக்கமே.

"கொத்தனாரைக் கேட்டாப் போறும்டா" என்றார் அப்பா. நான் விடுவேனா? (ஐ.டி. வேலையில் சேர்ந்து ஆறு மாதம். தலைக்கனம் தாங்காது.) சுவர், கதவு, பீரோ, சுவாமி அலமாரி எல்லாவற்றையும் அளந்து, எதை எங்கே வைக்கலாம் என்று தானே யோசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். கதவை மறிக்கக் கூடாது, வடக்கே தலை வைக்கக் கூடாது என்று விதிகளும் கொடுத்தேன். தீர்வே இல்லை என்று கைவிரித்தது.

எது இடிக்கிறது என்று பார்க்க, சாமான்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். பீரோவை எடுத்தேன், சரிவரவில்லை. அத்தையின் கட்டிலை எடுத்தேன். உடனே அற்புதமான வரைபடம் வந்தது! அந்தச் சந்தோஷத்தில் கட்டிலைத் திரும்பச் சேர்க்க மறந்து, பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். கட்டில் இருக்க வேண்டிய மூலையில் என் கம்ப்யூட்டர் மேஜை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்குடா" என்றார்.

மறுநாள் காலை பையோடு நின்றார். நங்கநல்லூரில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறாராம்.

"நேர்லயே சொல்லியிருக்கலாமேடா. கம்ப்யூட்டரை வெச்சுண்டா சொல்லணும்?"

"ஐயோ அத்தை! டெஸ்டிங்குக்காக எடுத்தேன். திரும்பப் போட மறந்துட்டேன்!"

"அதத்தான்டா நானும் சொல்றேன்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார். அப்பா அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் வந்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கதவ வெளிய தொறக்கற மாரி மாட்டிட்டா கட்டில் தாராளமா வரும் சார். இதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு?"

கதவை மாற்றினோம். கட்டிலும் போட்டோம். நான் போய்க் காலில் விழுந்து கூப்பிட்டேன். "வரேன், வரேன்" என்றார். வரவில்லை.

இன்றும் கல்யாணப் பந்தியில் நான் ஆள் எண்ணினால், "அவனை எண்ண விடாதீங்கோ, ஒருத்தர் கொறஞ்சுடுவா" என்று ஒரே சிரிப்பு. அத்தைதான் எல்லோரையும்விட அதிகம் சிரிப்பார். பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டிலில் இரண்டு நாள் படுத்து எழுந்து, பையை எடுத்துக்கொள்வார்.

"நாழியாச்சுடா, ஆத்துக்குக் கிளம்பறேன்."

நங்கநல்லூருக்கு.