நாய்முடி வதைப் படலம்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது, ஊரடங்கு தொடங்கியது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

வாழ்க எர்னஸ்ட்! கோலா சிலாங்கூர் ரப்பர்த் தோட்டமொன்றின் கணக்குக் கிராணி. பால் எடை பதியும் பேனாக் கரத்தோன். மடிப்புக் கலையா வெள்ளைக் காற்சட்டையோன். ஈரச்சாக்கு ஏந்திய தோளினன். அவன் நானே. தன்னைத் தானே புகழ்வது காவியத்துக்கு அழகல்ல என்பதால் அவன் என்கிறேன். நாட்டில் அப்போது கம்யூனிஸ்டுகளோடு பெரிய போர் நடந்தது. அதில் பாடப்படத் தகுந்தவர்கள் காட்டில் இருந்தார்கள். அவன் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

பகை, கோப்பியின் முடி. கோப்பி கறுப்பு நாய். புதுக்கிராமமென்ற வேலிமுகாமுக்கு அரசாங்கம் லோரியில் ஏற்றிய சீனக் குடும்பமொன்று விட்டுப்போனது. இரவில் தோட்டத்துக் கம்பி வேலியோரம் எது அசைந்தாலும் காவலர்கள் சுடுவார்கள். ஆகவே கோப்பி வீட்டுக்குள் படுத்தது. படுத்த இடமெல்லாம் முடி உதிர்த்தது. சோற்றிலும் மாதா சுரூபத்தின் நீல அங்கியிலும் முடி கண்ட நாளில் மனைவி அகதா பிரகடனம் செய்தாள்.

“அடுத்த பூசைக்குப் பங்குச் சாமி நம்ம வீட்டுக்குத்தான் வர்றாரு. அன்னிக்கு வீட்டுக்குள்ள ஒத்த முடி கண்ணுல பட்டாலும் நாய் ராவுக்கு வெளியதான். சொல்லிட்டேன்லா.”

எழுந்தான் எர்னஸ்ட். மதங்கொண்ட களிறு கரும்புத் தோட்டத்துள் புகுந்தாற்போல் கட்டிலடியில் புகுந்து, ஈர்க்கு விளக்குமாற்றை வேலென ஓச்சி, நாற்காலிப் பிரம்பின் கண்தோறும் ஒளிந்த மயிர்ப்படையை ஊசிமுனையால் குத்தி இழுத்து, ஈரச்சாக்கால் தரையை ஒற்றி, தும்மித் தும்மிக் கண் சிவந்து, வென்ற இடத்தைத் திரும்பிப் பார்க்குந்தோறும் அங்கே மீண்டும் ஒரு முடி கிடக்கக் கண்டான். பின் வியூகத்தை மாற்றினான். தினமும் நாய்க்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவினான்.

“எனக்கு ஒருநாள் தேச்சு விட்டிருப்பீங்களா?” என்றாள் அகதா.

எண்ணெய் வென்றது. கடைசி வாரம் முடி குறைந்தது; பிறகு அறவே இல்லை. பூசைக்கு முந்தைய சனிக்கிழமை இரவு அகதா மேசைக்கடியில் விரலை ஓட்டிப் பார்த்து, “பரவால்ல” என்றாள். வெற்றி முரசு அவன் நெஞ்சில் முழங்கியது.

வீட்டில் அவன் கை படாதது ஒன்றே: பூசைப் பெட்டி. மூடி சரியாகப் பொருந்தாத பெரிய பிரம்புப் பெட்டி. சாலைத் தடுப்புகளில், காட்டுக்குக் கடத்தும் அரிசியைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பூசை உடுப்பை உதறிப் பார்த்ததால், சாமி அதைக் கிராணி வீட்டிலேயே விட்டிருந்தார். சாமியைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. அது பக்தி.

ஞாயிறு காலை போலீஸ் லோரியின் பின்னால் சாமி வந்தார். தொழிலாளர் லயத்து ஜனம் கூடத்தில் முழந்தாளிட்டது. எர்னஸ்ட் முன்வரிசையில், முடிசூடக் காத்திருப்பவன்போல் நிமிர்ந்திருந்தான். சாமி பெட்டியைத் திறந்தார். வெள்ளை உடுப்பை எடுத்து விரித்தார்.

அது வெள்ளையாக இல்லை. நடுவில் எண்ணெய்க் கறையோடு ஒரு நாயளவு கறுப்பு முடிவட்டம்.

மூடி திறந்த ஓசை கேட்டுக் கோப்பி அடுப்படியிலிருந்து ஓடி வந்தது. சாமியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் ஏறி, தன் படுக்கையில் சுருண்டது.

“நல்லா எண்ணெய் தேச்சிருக்கீங்க, கிராணி,” என்றார் சாமி.

எர்னஸ்ட் மனைவி பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் தன் கடைசி அம்பை எய்தான். “அது கோயில் பெட்டி, அகதா. நம்ம வீட்டோடது இல்ல.”

அகதா முக்காட்டைச் சரிசெய்தாள்.

“பெட்டி எங்க இருக்கு?”