புதிதாய் வந்தவர்கள் எழுந்து நிற்கவும்

வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு பறக்கும் தட்டு வந்து நம் மைதானத்தில் இறங்கி, அதிலிருந்து பச்சை நிறத்தில் மூன்று கையோடு ஒருவர் படியிறங்கி வந்தால், அவரை முதலில் சந்திக்கப்போவது ராணுவமும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, தொலைக்காட்சிக்காரரும் இல்லை. அவர்கள் வண்டியைக் கிளப்புவதற்குள் தட்டின் கடைசிப் படிக்கு முன்னால் ஒரு போதகர் நின்றுகொண்டிருப்பார். மூன்று கையையும் வரிசையாகக் குலுக்குவார். "வாங்க வாங்க, உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தேன். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைப்பார். அடுத்த மாதம் பச்சை மனிதர் பாடகர் குழுவில் இருப்பார்.

நம்பிக்கை வரவில்லையா? அப்படியானால் வரவேற்கும் போதகர் என்கிற இனத்தின் கையில் நீங்கள் இன்னும் சிக்கவில்லை.

சபை மலருக்காகப் போதகர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தைகள் நாலும் மேலே வந்துவிட்டன. இனி உண்மை.

இந்த இனத்தை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். சாதாரண மனிதன் ஒரு கையால் குலுக்குவான். போதகரின் வலது கை உங்கள் கையைப் பிடிக்கும்போதே இடது கை உங்கள் முழங்கையைப் பிடித்திருக்கும். அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். தப்பிக்கவிடாத பிடி அது. பிடித்துக்கொண்டே தலையைச் சற்றுச் சாய்த்து, "முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருக்கே?" என்பார். யாருடைய முகம்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடாமல் இருக்கிறது? ஆனால் கேட்டதுதான் தாமதம், செருப்பைக்கூடக் கழற்றாமல், மாமியார் சொன்னது, மேலதிகாரி சொன்னது, டாக்டர் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் அந்த வாசலிலேயே கொட்டிவிடுவீர்கள். பின்னால் வரிசை ரோடு வரை நிற்கும்.

எங்கள் சபையில் இந்த இனத்தில் இரண்டு பேர். ஒருவர் பெரிய பாஸ்டர், இன்னொருவர் சின்னப் பாஸ்டர். சின்னவர் பயிற்சியில் இருக்கிறார். பெரியவர் சிரித்து அரை நொடி கழித்து அதே சிரிப்பைச் சிரிப்பார், அதே பக்கம் தலையைச் சாய்ப்பார். ஆர்வம் மட்டும் பெரியவரைவிட ஒரு பிடி அதிகம். ஒருமுறை, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்க ஒருவர் கேட்டுக்குள் தலையை நீட்டினார். வாய் திறப்பதற்குள் முழங்கை போயிற்று. பாட்டுப் புத்தகம் கைக்கு வந்தது, மின்விசிறிக்குக் கீழே இடம் வந்தது. ஆராதனை முழுக்க உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மனிதரால், "பஸ்ஸு போயிருக்கும்ல?" என்று கேட்க முடிந்தது. போய்விட்டிருந்தது. இப்போது அவர் வாராவாரம் வருகிறார். எந்த ஊருக்குப் புறப்பட்டார் என்பது அவருக்கே மறந்துவிட்டதாகக் கேள்வி.

சரி, ஊரை வரவேற்கிறவர்களின் வீடு எப்படி இருக்கும்? அதைக் கேட்க வேண்டிய இடம் பெரிய பாஸ்டரின் சின்ன மகள்.

பாஸ்டர் வீடும் ஆலயமும் ஒட்டியே இருக்கின்றன, நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போனதற்குக் காரணம் மழை இல்லை, அதை யாரும் போட்டதே இல்லை. மூத்தவள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறை விருந்தாளிகளுக்குப் போயிற்று. விருந்தாளிகள் பெருகவே சின்னவளின் அறையும் அவ்வப்போது போகும். தன் அறைக் கதவைத் தானே தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நுழைகிற ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். ஒருமுறை "இருக்கேம்மா, உள்ள வாங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் அவளை அன்போடு அழைத்தது.

சின்னவளும் பள்ளிக்கூடமும் பாதியில் மனம் ஒத்துப் பிரிந்தவர்கள். பள்ளிக்கு அதில் வருத்தம் இல்லை, அவள் தலைமை ஆசிரியரின் மேஜை மணியை வகுப்பு மணியோடு இணைத்துவிட்ட பிறகு துளியும் இல்லை. அவளுக்கு ஒயர் தெரியும். ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் மைக் செட்டோடு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பிரசங்கம் நீண்டால் ஸ்பீக்கர் திடீரென்று கீச்சிடும். அது தற்செயல் என்று சபை நம்புகிறது. சபையின் நம்பிக்கை பெரியது.

ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவர் அவள் கைவேலையைப் பார்த்துவிட்டு, கடைக்கு வா, தொழில் கற்றுத் தருகிறேன் என்றிருந்தார். ஒரே நிபந்தனை. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் அப்பா நேரில் வந்து சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான். அம்மாவோ அவளை மறுபடி பள்ளியில் தள்ளுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் பேசுவதைவிட்டால் வேறு வழியில்லை.

அப்பாவிடம் பேசுவது என்றால் சும்மாவா?

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும்." பெல் அடித்தது. சண்டை போட்ட கணவன் மனைவி, ஆளுக்கொரு ஆட்டோவில். ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். போன் அடித்தது. ஒரு மாமாவுக்குத் தூக்கம் வரவில்லையாம், பாஸ்டர் குரலைக் கேட்டால் வருமாம். வந்தும் விட்டது, குறட்டைச் சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. கடைசியில் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள், ஓடுகிற வண்டிக்கு யார் வந்து பெல் அடிப்பார்கள் என்று. திருப்பத்தில் கால் கட்டோடு ஒருவர் நின்றிருந்தார். அப்பா வண்டியை நிறுத்தினார், கட்டுக்காரரை ஏற்றினார், மகளைப் பார்த்து, "நீ பொடிநடையா வந்துடும்மா, காத்து நல்லாருக்கு" என்றார்.

காற்று நன்றாகத்தான் இருந்தது. ஏழு தலைமுறைக்கு ஏற்ற திட்டு ஒன்றை யோசித்துக்கொண்டே நடந்தவள் பாதி வழியில் நின்றாள். அவளுக்கு ஒரு சட்டம் ஞாபகம் வந்தது.

சின்னப் பாஸ்டருக்கு அப்பா பாடம் நடத்தும்போது சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் பலமுறை கேட்ட சட்டம் அது. சபைக்குப் புதிதாய் வந்தவர் வீட்டை அந்த வாரத்துக்குள் இரண்டு போதகரும் சேர்ந்து சந்திக்க வேண்டும். போனை அணைத்துவிட வேண்டும். முதலில் பேசக் கூடாது. அவர் பேசி முடிக்கிற வரை கூரையே விழுந்தாலும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

ஞாயிறு வந்தது. பாட்டு முடிந்து, அறிவிப்பு முடிந்து, அப்பா மைக்கைப் பிடித்து வழக்கம்போலச் சொன்னார்: "இன்னைக்கு முதல் தடவையா நம்ம சபைக்கு வந்திருக்கிறவங்க தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க."

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சின்னவள் எழுந்து நின்றாள்.

முதல் வரிசையில் அம்மாவின் கழுத்து, கோபுர உச்சியில் காற்றுத்திசை காட்டும் சேவல் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பியது. சின்னப் பாஸ்டர் பரிசுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று அரை நொடிக்குப் பதில் அரை நிமிடம் தவித்தார். அப்பா மட்டும் முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல், "எங்கருந்தும்மா வர்றீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான் பாஸ்டர். நடுவுல சுவரு மட்டும்தான்."

"நம்ம சபையப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கப்பா இங்கதான் வேல பாக்குறாருன்னு சொன்னாங்க. வீட்டுல பாத்ததில்ல, அதான் இங்க வந்து பாத்துட்டுப் போலாம்னு."

சபை சிரித்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர் கைதட்டினார். அப்பா சிரிக்கவில்லை. பேனாவை அவளுக்குக் கொடுக்கும்படி சின்னப் பாஸ்டருக்குக் கண் காட்டினார். பிறகு, "இந்த வாரம் உங்க வீட்டுக்கு வர்றோம்" என்றார். வரவேற்புப் பாட்டை முழுக்கப் பாடினார்கள், மூன்று சரணத்தையும். தனக்காக ஒரு கூட்டமே பாடும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியாமல் போயிற்று.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, யாரும் வரவில்லை. வியாழக்கிழமை அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். கோமாளிக்கு வீட்டுச் சந்திப்பு ஒரு கேடா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் அவள் கதவை அவளைத் தவிர யாரும் தட்டியதில்லை. திறந்தால் இரண்டு போதகர்கள், தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, வேதப்புத்தகம் கக்கத்தில். பின்னால் அம்மா, விருந்தாளிக் கோப்பையில் டீயோடு. சின்னவளுக்கு அந்தக் கோப்பையைக் கழுவித்தான் பழக்கம்.

"உள்ள வரலாங்களா?" என்றார் அப்பா.

அறையிலிருந்த ஒரே நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்பா நுனியில் உட்கார்ந்தார். சின்னப் பாஸ்டர் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். இருவரும் போனை எடுத்து அணைத்தார்கள். பிறகு பேசாமல் இருந்தார்கள்.

சட்டம் தெரிந்திருந்தும் அவள் எதிர்பார்க்காதது இந்த அமைதியைத்தான். ஊரையே வாயால் வறுத்தெடுக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. குறும்பாவது செய்யலாம் என்று, "எல்லார்கிட்டயும் உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தேன்னு சொல்றீங்களே, அது பொய்தானே பாஸ்டர்?" என்றாள்.

அப்பா மடியிலிருந்த துணியை நீவிவிட்டார். "சொல்றப்போ பொய்தான். சொன்னதுக்கு அப்புறம் உக்காந்து நெனப்பேன். அப்போ சரியாப் போயிடும்ல."

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. கடையைச் சொன்னாள், கடைக்காரரைச் சொன்னாள், சனிக்கிழமையைச் சொன்னாள். பள்ளியில் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்வதைச் சொன்னாள். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து ஆலயத்தின் எதிரொலியைத் தான் அடக்கிய அன்று கடைசி பெஞ்சில் காது மந்தமான ஒரு பெரியவர் முதல்முறையாக நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரித்ததைச் சொன்னாள். அப்பா ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வார்த்தையை விழுங்குவார் என்பதையும், அந்த வார்த்தை வரும் முன் தான் மைக் செட்டின் ஒலிக் குமிழைக் கொஞ்சம் திருப்பிவிடுவதையும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதையும் சொல்லிவிட்டாள்.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

பெல் அடித்தது.

யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தது. சின்னப் பாஸ்டர் பெட்டியிலிருந்து பாதி எழ, பெரிய பாஸ்டரின் கை அவர் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தது. ஆனால் அந்தப் பெரியவரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். உடம்பு நாற்காலியில் இருந்தது, பாதம் இரண்டும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டிருந்தன. மடித்துணிக்கு அடியிலிருந்து வலது கை தானாக வெளியே வந்து, யாரும் இல்லாத காற்றில், குலுக்குவதற்குத் தயாராக நீண்டிருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. ஆனாலும் எழவில்லை. கூரை விழவில்லையே தவிர, அவருக்கு அது கூரை விழுந்த மாதிரிதான். அம்மா எங்கே? அம்மா அறை வாசலில்தான், டீத் தட்டோடு, காதைக் கழற்றிக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது முறை பெல் அடித்தது. தயங்கித் தயங்கி, அடித்தவர் திரும்பிப் போய்விடுவார் போல.

யாரோ எழுந்து ஓடினார்கள். அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, ஒற்றைச் செருப்போடு ஓடிக் கதவைத் திறந்தார்கள். வெளியே ஒரு பெண், தோளில் பை, இடுப்பில் தூங்குகிற குழந்தை, அழுது முடித்த கண்.

"வாங்க வாங்க. உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தோம். முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருக்கே?"

அந்தப் பெண்ணை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் வலது கை பையை வாங்கியிருந்தது, இடது கை முழங்கையைப் பிடித்திருந்தது. கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்த பிறகு, "என் ரூம் காலியாத்தான் இருக்கு" என்று வேறு சொல்லியாயிற்று. அந்த அறைக்குள்தான் இரண்டு போதகர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அரை நொடி கழித்து அதே சிரிப்பு இன்னொரு முறை.

நீங்கள் சிரிக்க வேண்டாம். பஸ்ஸில் யாரோ நிற்கிறார் என்று போன வாரம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தது யார்? வழி கேட்டவரை மூலை வரை கொண்டுபோய் விட்டது யார்? அடுத்த முறை யாரிடமாவது கை குலுக்கும்போது உங்கள் இடது கை எங்கே போகிறது என்று பாருங்கள். முழங்கைப் பக்கம் போனால், ஒன்றும் செய்வதற்கில்லை, முற்றிவிட்டது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டும் பிரயோஜனமில்லை.

அப்பா கூடத்துக்கு வந்தார். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், குழந்தைக்குத் தலையணை வைத்தார், பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில கடைக்குப் போறோம். வழியில யாரையும் வண்டியில ஏத்த மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். அப்பா போகாமல் நின்றார்.

"மலருக்கு எங்கள வெச்சு ஏதோ எழுதறியாமே. நாங்க குடுத்த பேனா எழுதுதா?"

"ம்."

"எழுது, எழுது. கடைசியில பெல் அடிச்சப்போ 'யாரோ' ஓடிப்போய்த் திறந்தாங்கன்னு மட்டும் எழுதித் தப்பிச்சுக்காத."