உங்கள் கார் நகர மறுத்தது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். நீங்களும் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் பொறுப்பில் விட்டுப்போன காரும் இப்போது சுகம். ‘இப்போது’ என்ற சொல்லை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை பத்து மணிக்கு அத்தைக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. ஐம்பத்தெட்டு வயதில் இது எதற்கு என்று நான் நாலைந்து முறை கேட்டது உண்மை, அதை அவள் மறக்கவில்லை என்பதும் உண்மை. எட்டரைக்கு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், என்ஜின் ஓடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அடிவரை அமுக்கியும் அதே முனகல்தான். “என்ன பண்ணினீங்க?” என்றாள். காரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவன் நான். ஒரு பொருள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கால்மிதி பெடலுக்கு அடியில் மாட்டியிருக்குமோ என்று உருவிப் பார்த்தேன், மாட்டவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன், என் சட்டைதான் அழுக்கானது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் சின்னக் கண்ணாடியோடு வந்து பானெட்டுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “வலி எந்தப் பக்கம்னு கேக்க முடியல, அதான் கஷ்டம்” என்றார். இதற்குள் மணி பத்தடித்துவிட்டது. அத்தை கைப்பையை மடியில் வைத்தபடி ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்தேகாலுக்கு மெக்கானிக் வந்து, கையடக்கக் கருவி ஒன்றைக் காரில் செருகிப் படித்தார். “பெடல் சொல்றது என்ஜினுக்குப் போய்ச் சேரல சார்” என்றார். இந்தக் காரில் மிதிப்பதைக் கொண்டுபோகக் கேபிளே கிடையாதாம், மின்சாரச் செய்திதானாம். பெடலில் இரண்டு சென்ஸார் வைத்திருக்கிறார்களாம், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க. என்ன அருமையான ஏற்பாடு, பாருங்கள். பிறகு தலையை உள்ளே விட்டு எதையோ அழுத்தினார், ‘டக்’ என்றது. “பிளக் கழண்டிருந்துச்சு. யாராவது கை வச்சீங்களா?”

மாப்பிள்ளை, கை வைத்தவன் நான்தான். கால் அமுக்குவது என்ஜினுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் ஆசையில், முந்தின நாள் மத்தியானம் டார்ச்சோடு உள்ளே நுழைந்து படுத்திருந்தேன். அத்தையையும் கூப்பிட்டு, “இந்தப் பிளக் கழண்டா வண்டி அவ்வளவுதான்” என்று பாடம் வேறு நடத்தினேன். அப்போதுதான் என் கைபட்டுத் தளர்ந்திருக்க வேண்டும். மறுநாள் காலைப் பதற்றத்தில் அந்தப் பிளக் என் நினைவுக்கே வரவில்லை. மெக்கானிக்கிடம் ஒப்புக்கொண்டேன். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை, “பரவாயில்லைங்க” என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மறுதேர்வு. நான்கு நாட்களாகப் பயிற்சிக்குப் பக்கத்து சீட்டில் போகிறேன். “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்தும் தகுதியை இழந்துவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறேன். இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டும்.

மனம் வருந்தும்,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். பிளக்கைக் கழற்றியது நான். அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரே பயம், தேர்வுக்குப் போகாமலிருக்க வேறு வழி தெரியவில்லை. எதைக் கழற்ற வேண்டும் என்று அவரே காட்டியிருந்தார். இப்போது பயமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால் நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவரிடம் மூச்சு விடாதீர்கள்.