ஒரு ஜோடி மீனுக்கு ஒரு ஜெனரேட்டர்

"மின்கம்பி பராமரிப்புப் பணி காரணமாக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை இந்த புளோக்கில் மின்சாரம் இருக்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்த இந்த அறிவிப்பு இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அது என் கைக்கு வந்த தேதியை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். (எதிலும் தேதி போடுவது என் பழக்கம். எங்கள் வீட்டுக் குடையின் உள்பக்கத்தில்கூட வாங்கிய தேதி இருக்கும். அதனால்தான் அது இதுவரை தொலையவில்லை என்று நம்புகிறேன்.) அந்தத் துண்டுத்தாளில் வருந்துகிறோம் என்று போட்டவர்களுக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருந்தியிருப்பார்கள்.

எங்கள் வரவேற்பறையில் ஒரு பெரிய மீன்தொட்டி உண்டு. அது என் மனைவி ஸ்டெல்லாவுடையது. அதில் டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ மீன்கள், ஒரு ஜோடி. மற்ற மீன்களைப்போல இவற்றின் குஞ்சுகள் தீனியைத் தேடிப் போவதில்லை. தாய் தகப்பனின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்றே வளரும். ஆனால் பெற்றோர் பயங்கொள்ளிகள். கதவு ஓங்கிச் சாத்தினால் போதும், பதற்றத்தில் தம் முட்டைகளைத் தாமே விழுங்கிவிடும். அதற்கு முன் பலமுறை அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா தொட்டியைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்குவாள். அந்த வாரம்தான் முதல் தடவையாகக் குஞ்சுகள் பொரிந்து, நீந்தி, அம்மாவின் விலாவில் கொசுக்கூட்டம்போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா வீட்டில் நுனிக்காலில் நடந்தாள். நான் தும்முவதற்கு மாடிப்படிக்குப் போனேன்.

அறிவிப்பைப் படித்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"என்னங்க, பேட்டரியில ஓடுற காத்து பம்ப் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. சின்னது போதும். சத்தம் மட்டும் இருக்கக் கூடாது."

ஒரு சாதாரண மனிதன் இதைக் கேட்டுவிட்டு மீன் கடைக்குப் போயிருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மின்வெட்டு என்பது இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சொல்லிக் கேட்ட சமாச்சாரம். எனவே அனுபவஸ்தரைக் கேட்பதே முறை என்று திருச்சியில் இருக்கும் என் மாமா மகன் அருளை அழைத்தேன்.

"மச்சான், ஃபேன் ஓடணுமா, ஏசி ஓடணுமா?" என்றான்.

"மீன் மூச்சு விடணும்."

 மின்வெட்டில் பழுத்த அவன் உடனே ஆலோசனையில் இறங்கினான். "அப்ப ஜெனரேட்டர்தான்டா. கொல்லப்பக்கம் வச்சு வயர இழுத்து விட்டுரு. ஊரே இருட்டா கெடக்கும், உன் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

பதினோராவது மாடியில் இருக்கும் எனக்குக் கொல்லைப்பக்கம் ஏது என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் சலவை இயந்திரமும் துணி உலர்த்தும் கம்புகளும் இருக்கும் கைக்குட்டை அளவு இடம்தான் எங்கள் கொல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பிறகு அட்டவணை போட்டேன். எந்த ஜெனரேட்டர் எவ்வளவு மின்சாரம் தரும், எவ்வளவு எடை, ஒரு டாங்கி பெட்ரோலில் எவ்வளவு நேரம் ஓடும், கயிறு இழுத்துக் கிளப்புவதா, பொத்தானா. பம்ப், விளக்கு, தண்ணீரைச் சூடாக்கும் கருவி எல்லாவற்றுக்கும் மின்தேவை கணக்கிட்டேன். (சிங்கப்பூர் நண்பகலில் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று என் அட்டவணை கேட்கவில்லை.) வலைத்தளங்களில் கையேடுகளைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். 'வீட்டுக்குள் இயக்கக் கூடாது' என்ற எச்சரிக்கையையும் படித்தேன். அது வீட்டின் நடுவில் வைக்கிறவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். நான் ஓரத்தில்தானே வைக்கப் போகிறேன்!

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், பண்டிகைக் கடைகளுக்குப் பந்தலும் விளக்கும் வாடகைக்கு விடுகிறான் என் பள்ளித் தோழன் சேகர். அவனிடம் போய் அட்டவணையை விரித்தேன். அவன் அதைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்தான்.

"எத்தன மீனு?"

"பெருசு ரெண்டு. குஞ்சு தனி."

"டேய், இத வச்சு நான் பாதி சந்துக்கு லைட்டு போடுவேன் லா. ரெண்டு மீனுக்கு ஏன்டா?"

"ஓர் அவசரத்துக்குக் கூடுதலா இருக்கட்டும்."

"மீனு பார்ட்டி வைக்கப் போவுதா?" என்று கேட்டுவிட்டு, நல்லவன், தன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா தேவாலயத்துக்குப் பாடற்பயிற்சிக்குப் போயிருந்தாள். எங்கள் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துவது அவள்தான். அவள் திரும்புவதற்குள் ஒரு வெள்ளோட்டம் விட்டு, எல்லாம் தயார் என்று அசத்துவது என் திட்டம்.

கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்தேன். முழங்கை சலவை இயந்திரத்தில் இடித்தது. கோபத்தில் இழுத்த இழுப்பில் அது கிளம்பியது பாருங்கள்! சந்தில் திறந்த வெளியில் கேட்டபோது அது ஒரு மோட்டார். பதினோராவது மாடியில் நான்கு சுவர்களுக்குள் அது ஒரு ஹெலிகாப்டர். அலமாரியில் தட்டுகள் நடுங்கின. வெளியே போக வேண்டிய புகை, எதிர்க்காற்று அடித்ததால் சமையலறைக்கே திரும்பி வந்தது. வராத புகை அடுத்த வீட்டுக் கம்பில் காய்ந்துகொண்டிருந்த புடவைகளுக்குள் புகுந்தது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும், கையேட்டில் படம்கூடப் பார்த்திருக்கிறேன். புகையில் பொத்தான்தான் தெரியவில்லை.

நான் அதைக் கண்டுபிடித்து அணைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் தீயணைப்புப் படை. முழு உடுப்பில் நாலு பேர்.

முன்னால் நின்ற அதிகாரி ஒரு தமிழ் இளைஞர். உள்ளே கால் வைக்கும் முன்பே மெல்லிய குரலில், "அங்கிள், மீன்தொட்டி எந்தப் பக்கம்? சமையலறைக் கதவ முதல்ல சாத்துங்க. புகை அங்க போகக் கூடாது," என்றார். பின்னால் வந்தவர்களிடம் கையைத் தாழ்த்திக் காட்டினார். அவர்கள் வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைத்துக்கொண்டு பூனைபோல நடந்தார்கள். எனக்கு இருந்த பதற்றத்தில் இதை நான் யோசிக்கவில்லை.

சன்னல்களைத் திறந்தார்கள், பெட்ரோல் கேனை எடுத்தார்கள். நான் அட்டவணையைக் காட்டி விளக்க முயன்றேன்.

"அங்கிள், இத வீட்டுக்குள்ள ஓட்டவே கூடாது. இந்தப் புகையில ஆளே மயங்கிடுவீங்க. அப்புறம் மீனுக்கு யாரு சாப்பாடு போடுவா?" என்றார் அவர். குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஜெனரேட்டரை அப்போதே கீழே இறக்கச் சொன்னார்கள். சேகரின் வேன் அன்று இரண்டாம் முறையாக வந்தது.

ஸ்டெல்லா வந்தாள். நேராகத் தொட்டிக்குப் போனாள். ஆண் மீன் கறுத்துப்போய் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் சிதறியிருந்தன. சில அதன் வாய்க்குள் போயிருக்கலாம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பெரிய துண்டை எடுத்துத் தொட்டியின் முன்கண்ணாடியை மூடிவிட்டு, "பம்ப் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓடினேன். எங்கள் பேட்டையில் மீன் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் அதே அறிவிப்பு வந்திருந்தது. அவர்கள் அட்டவணை போடாமல் நேரே கடைக்குப் போயிருந்தார்கள். பேட்டரி பம்ப் ஒன்றுகூட மிச்சமில்லை. ரயில் பிடித்துத் தீவின் மறுகோடியில் இருக்கும் கிளமெண்டியில் தெரிந்த ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது.

வெறுங்கையோடு திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா எங்கள் வீட்டில் இருந்தார். கரி படிந்த புடவைகளின் உரிமையாளர். எனக்காகத் தேநீர் போட்டு, இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"குடி தம்பி. உன் மூஞ்சியும் என் சேல மாதிரிதான் இருக்கு."

ஸ்டெல்லா அந்தக் குவளைகளையே பார்த்தாள். "அக்கா, இப்படி ஆத்தும்போது காத்து உள்ள போகுதுல்ல?"

"போகாம நுரை எங்கேருந்து வருது?"

ஸ்டெல்லா எழுந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டு தொட்டியின் கோடி மூலைக்குப் போனாள். மீன்கள் இல்லாத பக்கம். மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றினாள். சத்தமே இல்லை. தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ்கள் இறங்கின. என் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லாத இயந்திரம் அது.

ஞாயிறு காலை சொன்ன நேரத்தில் மின்சாரம் போனது. பூசைக்குப் பாட வேண்டிய ஸ்டெல்லா, "நான் வர்ற வரைக்கும் ஆத்துங்க. வேற எதுவும் பண்ணாதீங்க," என்று அந்த இரண்டாவது வாக்கியத்தை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனாள். ஆற்றினேன். தோள் வலித்தபோது அக்கா மாற்றிவிட்டார்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். செருப்பை வாசலில் விட்டு, ஆளுக்கொரு குவளையோடு, முறைவைத்து நின்றார்கள். பேசக் கூடாது என்பது உத்தரவு. இருவர் சந்தித்தாலே மூன்று பேச்சு நடக்கும் குழு அது. கட்டைக்குரல் பீட்டர் அண்ணனுக்குக் கிசுகிசுக்கவே வராது. "நான் மெதுவாத்தானே பேசுறேன்!" என்று அவர் மெதுவாகச் சொன்னது மீன்வாலை ஆட்டியதால் அவரை நடைபாதைக்கு அனுப்பினோம். அங்கே அவர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சைகையில் நடந்ததை விளக்கினார். (என்னை நடித்துக் காட்டும்போது கயிறு இழுத்து முழங்கையை இடித்துக்கொண்டார் என்று கேள்வி.)

ஸ்டெல்லா தொட்டியருகே நின்று கைகளால் நடத்தினாள். உள்ளங்கை தாழ்ந்தால் உயரத்தைக் குறை. விரல் சுழன்றால் அடுத்தவர் வா. ஆயிரம் முறை அவள் பாட்டு நடத்திப் பார்த்திருக்கிறேன். பாட்டே இல்லாமல் அவள் நடத்திய அன்றுதான், அவள் கைக்கு ஏன் அத்தனை பேர் கட்டுப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

மூன்று மணிக்குப் பம்ப் தானாக உயிர் பெற்றுக் குமிழ் விட்டது. யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் குவளையை உயர்த்திக் காட்டினார்கள். ஸ்டெல்லா துண்டின் ஓரத்தை விலக்கினாள். அம்மா மீனின் விலாவில் கொசுக்கூட்டம் பழையபடி ஒட்டியிருந்தது. பயந்தாங்கொள்ளி அப்பாவின் மேலும் சில. அவள் அப்போதுதான் அழுதாள், அதுவும் சத்தமில்லாமல்.

குஞ்சுகள் வளர்ந்து குழுவில் பலர் வீட்டுத் தொட்டிகளுக்குப் போய்விட்டன. தெம்பனிஸில் இருக்கும் பீட்டர் அண்ணன் வீட்டில் உள்ள ஒன்றுக்கு என் பெயர். அதுதான் அதிகம் பயப்படுகிறதாம். விசேஷங்களில் எங்கே விளக்கு மங்கினாலும் யாராவது ஒருவர், "அவரக் கூப்பிடாதீங்க, நாம ஆத்திக்கலாம்," என்பார். திருச்சியில் மின்சாரம் போகும்போதெல்லாம் அருள் எனக்கு ஒரு மீன் படம் அனுப்புகிறான்.

ஒன்று மட்டும் பாக்கி. தீயணைப்புப் படையை அழைத்தது யார்? பரமேஸ்வரி அக்காவைக் கேட்டால், "நான் ஸ்டெல்லாவுக்குத்தான் போன் பண்ணேன் லா, வேற யாருக்கும் இல்ல," என்கிறார். ஸ்டெல்லாவைக் கேட்டால், "பாட்டு நேரத்துல என் போன் ஆஃப்ல இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். இரண்டும் உண்மையானால் யாருமே அழைக்கவில்லை என்றாகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதி வரும்போது கேட்கிறேன், அதே இரண்டு பதில்கள்தான். ஆகவே இந்தத் தகவல் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. ஆனால் அந்த அதிகாரி, நான் வாய் திறக்கும் முன்பே மீன்தொட்டியைக் கேட்டார். அழைத்தவர் யாராக இருந்தாலும், என் வீட்டில் புகை என்றதும் அவருக்கு முதலில் நினைவு வந்தது நான் இல்லை என்பது மட்டும் உறுதி.