விஜிதரன் அளந்தவை

கண்ணகை மாமியின் கோழிக்கூட்டைக் காணவில்லை.

நேற்று மாலை வரை அது வாவிக்கரையில் நின்றது. விஜிதரனுக்கு அதில் சந்தேகமே இல்லை. நீளம் 1450 மில்லிமீற்றர், அகலம் 900. கதவுக்கு இரண்டு பிணைச்சல், ஒன்று துருப்பிடித்தது. எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து, கணினியில் வரைந்து, அளக்க விட்டதற்கு நன்றியாக மாமியிடமும் ஒரு பிரதி கொடுத்திருந்தான். மாமியும் அவரது ரீச்சர் மகளும் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்கள். வழக்கமாகத் தரும் தேத்தண்ணி வரவில்லை.

"மாமி, கூடு எங்க?"

முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன கூடு?"

"கோழிக்கூடு. இதில இருந்ததே."

"இதிலயா? இதில எப்ப மனே கோழிக்கூடு இருந்தது?"

"நேத்து அளந்தேனே!"

"நீங்க வேற எதையும் அளந்திருப்பீங்க. நான் கோழியே வளக்கிறயில்ல."

முகத்தில் சிரிப்பில்லை. கூடு நின்ற இடத்தில் ஓர் இறகுகூட இல்லை. பிறந்ததிலிருந்து அவனை 'நீ' என்று கூப்பிட்ட மாமி 'நீங்க' என்றது அதைவிடக் குளிராக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் கிடந்தது.

"வேலைக்கு எடுக்கிறதெண்டா மூண்டு படம் வேணும் மச்சான்," என்று சொல்லியிருந்தான் றிப்ஷான். கம்பசில் கூடப்படித்த காத்தான்குடிக்காரன். இப்போது கொழும்பில் படவரைஞன். "பழகிற எல்லாரும் வீடியோவப் பாத்து நட்டும் போல்டும் கோப்பையும்தான் வரையிறானுகள். எங்கட மனேஜருக்கு அதக் கண்டாலே வாந்தி வரும். நீ ஊருக்குள்ள இறங்கு. கண்ணால கண்டத அளந்து வரை. அவர் வெள்ளிக்கிழம நேரில வந்து, சாமானுக்குப் பக்கத்தில படத்த வெச்சுப் பாப்பார்."

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. அதுதான் முக்கியம். வேலை இல்லாவிட்டால் தை மாதம் மகள் ஆர்த்திகாவைத் தன் ஊர் உன்னிச்சைக்குக் கூட்டிப்போய்விடுவதாக மனைவி அஜந்தாவின் அம்மா சொல்லிவிட்டார். கேட்டதில் பிழையில்லை. தாயில்லாத ஐந்து வயதுப் பிள்ளை. தகப்பன் ஒரு வருடமாகச் சோற்றை ருசி பாராமல் விழுங்குகிறவன்.

படத்துக்கு ஒரு சட்டமும் றிப்ஷானே அனுப்பினான். அவன் அலுவலகம் அரசாங்கத்துக்கு வரைந்த பழைய படம் ஒன்று. உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான் விஜிதரன். சுற்றிலும் தடித்த கோடு. மூலையில் பெயர் எழுதக் கட்டம். அதன் அடியில் சிங்களத்தில் மூன்று வரி. அவனுடைய சிங்களம் பஸ் பலகையோடு சரி. படத்துக்கு ஒரு கம்பீரம் வந்ததால் அந்த வரிகளை விட்டுவைத்தான்.

கூடு போனால் போகட்டும் என்று வினாயகமூர்த்தி அண்ணனிடம் போனான். அவர் பொலனறுவை அரிசி மில்லில் சிங்களவரோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது மீன்பிடிக்கிறவர். வாவியோரம் அவருக்கு ஒரு வலைக்கொட்டில் உண்டு.

"அளக்கலாமா அண்ணன்?"

"அள, அள. என்னையும் சேத்து அளக்கிறயா?" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை படத்தைக் கொடுத்தபோது சிரிப்பு நின்றது. மூலையை விரலால் தடவினார். "உனக்கு… உங்களுக்கு வேல கிடைச்சிட்டோ, தம்பி?"

"கிடைக்கப்போகுது அண்ணன்."

"சந்தோசம்," என்றார், செத்த வீட்டில் சொல்வதைப்போல.

புதன் காலையில் கொட்டில் இல்லை. கம்பு நின்ற குழிகளும் இல்லை. நடுவே ஒரு தென்னம்பிள்ளை நட்டு, தண்ணீரும் ஊற்றியிருந்தது.

"கொட்டிலா?" என்றார் வினாயகமூர்த்தி வானத்தைப் பார்த்தபடி. "நான் என்னத்துக்குக் கொட்டில் கட்டுறன்? இது தென்னை நிண்ட இடம்."

"இந்தத் தென்னைக்கு மூண்டு ஓலை அண்ணன்!"

"மெதுவா வளருற சாதி."

வீட்டுக்கு வந்து றிப்ஷானுக்கு அழைத்தான்.

"மச்சான், நான் அளக்கிற சாமானெல்லாம் காணாமப் போகுது."

"கள்ளன் ஆரும்?"

"களவு போனா அழுவாங்கதானே. இவங்க அப்பிடி ஒரு சாமானே இருக்கயில்ல எண்டுறாங்க."

"நீ ஒழுங்கா நித்திரை கொள்ளுறயா?" என்றான் றிப்ஷான். "சரி, ஆரும் தூக்க ஏலாத சாமானாப் பாத்து வரை. பக்கத்தில ஒரு ஆளையும் போடு. எவ்வளவு பெரிசு எண்டு மனேஜருக்கு விளங்கும்."

செட்டிபாளையத்தில் அவர்கள் பக்கத்து வாவிக்கரையில், தோணிக்காரர் எல்லாரும் பாவிக்கும் பலகைத்துறை ஒன்று இருந்தது. பதினொரு மீற்றர். முப்பத்தாறு பலகை. தண்ணீருக்குள் பதினாறு கம்பம். இதை யார் தூக்குவது?

"அப்பா, என்னையும் வரையுங்க," என்றாள் ஆர்த்திகா.

அவளைப் பலகையில் நிறுத்தி அளந்தான். 1080 மில்லிமீற்றர். வரைபடத்தில் துறையின் நுனியில் ஒரு சிறிய உருவம் வைத்தான். இரட்டைப் பின்னலும் போட்டான். துறை பொதுச்சொத்து. எவருக்கென்று பிரதி கொடுப்பது? அன்று மாலையே முதல் கம்பத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டான்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஆர்த்திகாவைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வாவிக்கரைக்கு வந்தான்.

தண்ணீர். வெறும் தண்ணீர். துறை நின்ற இடத்தில் ஒரு கொக்கு நின்றது. பதினாறு கம்பமும் வேரோடு போயிருந்தன. கரையில் ஒரு தோணி இல்லை, ஒரு மனிதர் இல்லை. வாவி அப்படி ஒரு துறை இருந்ததே இல்லை என்பதுபோல் பளபளத்தது.

அப்போதுதான் கட்டில் நினைவு வந்தது.

அவன் வாழ்க்கையில் முதலில் வரைந்த படம் அது. அவனுக்கும் அஜந்தாவுக்கும் கட்டில். நீளம் காணுமா என்று பார்க்க, அதில் அவளைப் படுக்கவைத்து வரைந்திருந்தான். 1560 மில்லிமீற்றர். தச்சன் கட்டிலைக் கொண்டுவந்த கிழமை அவளுக்கு டெங்கு. கட்டில் இன்னும் இருக்கிறது.

நேற்று இரண்டாவது தடவையாக ஓர் ஆளை வரைந்திருக்கிறான்.

ஓடினான். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. எடுக்கவில்லை. பாலர் பாடசாலை வாசலில் யசோதினி ரீச்சர் நின்றார். கண்ணகை மாமியின் மகள்தான்.

"ரீச்சர், ஆர்த்திகா!"

ரீச்சர் சுவரைப் பார்த்தார். "எந்த ஆர்த்திகா?"

"என்ட மகள்! இப்பதானே விட்டுட்டுப் போனன்!"

"அப்பிடி ஒரு புள்ள இஞ்ச படிக்கயில்லயே."

வாசலில் சின்னச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. றோஸ் நிறச் சோடி இல்லை. உள்ளே இருபது பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன.

எப்படித் திரும்பி வந்தான் என்று தெரியாது. வேலியோரம் இருந்தான். ஒரு வருடமாக வராத அழுகை, மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. எல்லாப் படத்தையும் அழித்துவிட்டால் திரும்பி வருவாளா? மடிக்கணினியைத் தூக்கி வாவிக்குள் எறிந்தால்?

"கொக்… கொக்… கொக்…"

கோழி. கோழியே வளர்க்காத கண்ணகை மாமியின் குசினிக்குள் இருந்து.

கதவைத் தள்ளினான். அடுப்புக்குப் பக்கத்தில் கோழிக்கூடு. ஒரு பிணைச்சல் துரு. பின்கதவுக்கு அப்பால், கிடுகால் மூடிய கொட்டில் கூரை, ஈரம் காயாத பதினாறு கம்பம், அடுக்கிய முப்பத்தாறு பலகை. அடுக்கின் உச்சியில் ஆர்த்திகா கொக்கிஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். காவலுக்கு, கையில் துடுப்போடு, வினாயகமூர்த்தி அண்ணன். மற்றக் கையில், விஜிதரன் கம்பத்தில் ஆணியடித்த படம்.

"அப்பா, சத்தம் போடாதீங்க," என்றாள் ஆர்த்திகா இரகசியமாக. "நான் ஒளிச்சிருக்கன்."

விஜிதரன் நிலத்தில் இருந்துவிட்டான். பிள்ளையை இழுத்து மடியில் வைத்தான். தலை, கை, கால், எல்லாம் இருந்தன.

"மாமி," என்றான். "ஏன் மாமி?"

கண்ணகை மாமி அவனுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். கையில் அகப்பை.

"படத்தில காட்டியிருக்கிற எல்லாத்தையும் வாவிக்கரையில இருந்து அகற்றுவம் எண்டு அடியில சிங்களத்தில எழுதி ஆணியடிச்சது நீங்கதானே மனே, கோழிக்கூட்டையே ஒளிச்ச நாங்க, படத்தில நம்மட புள்ளயக் கண்டாப்பிறகு கவுண்மேந்துக்கு விட்டுக்குடுப்பமா?"